ரத்தத்தில் ஏறும் அமினோ அமிலம் எதைச் சொல்கிறது?

தசைக்குப் புரதம் நல்லது, நிறையச் சாப்பிடுங்கள் என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம், ரத்தத்தில் லியூசின், வேலின் போன்ற அமினோ அமிலங்கள் கூடுதலாக இருப்பவர்களுக்குச் சர்க்கரை நோயும் மாரடைப்பும் வரும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் வருகின்றன. இரண்டுமே உண்மைதான். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கிறவர் குழம்பிப்போய், அப்படியானால் முட்டையைக் குறைக்கட்டுமா, புரோட்டீன் பவுடர் டப்பாவை ஓரமாக வைக்கட்டுமா என்று கேட்கிறார். என்னிடமும் பலர் கேட்டிருக்கிறார்கள். கேள்வி நியாயமானது, ஆனால் அதற்கு அடியில் ஒரு தவறான நினைப்பு இருக்கிறது. ரத்தத்தில் இருக்கிற அமினோ அமிலம் எல்லாம் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நேராக வந்து சேர்ந்தது என்கிற நினைப்பு அது.

உண்மையில் நம் உடம்பு ஒவ்வொரு நாளும் தன் சொந்தப் புரதத்தையே உடைத்து மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறது. சராசரி எடையுள்ள ஒருவரின் உடம்பில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 250 முதல் 300 கிராம் புரதம் இப்படி உடைந்து உருவாகிறது. சாப்பாட்டில் போவது பெரும்பாலும் 100 கிராமுக்குள்தான். அதனால் காலையில் வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் தெரியும் அளவு, நேற்று இரவு என்ன சாப்பிட்டோம் என்பதைவிட, தசை எவ்வளவு புரதத்தை வெளியே விடுகிறது, அதை எந்தெந்த உறுப்பு எவ்வளவு வேகமாக எரித்துத் தீர்க்கிறது என்பதைத்தான் அதிகம் காட்டும். தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மட்டம் ஏறியிருக்கிறது என்றால் குழாயைக் கூடுதலாகத் திறந்துவிட்டார்கள் என்றும் இருக்கலாம், கீழே வடிகால் அடைத்துக்கொண்டது என்றும் இருக்கலாம். மட்டத்தை மட்டும் பார்த்து இரண்டில் எது என்று சொல்ல முடியாது. அமினோ அமில ஆய்வுகளில் நடக்கும் வாக்குவாதமே கிட்டத்தட்ட இதுதான்.

புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்கள் 20. அவற்றில் 9-ஐ உடம்பால் தயாரிக்க முடியாது, உணவில்தான் வந்தாக வேண்டும். அந்த ஒன்பதில் மூன்றின் மூலக்கூறு மட்டும் கிளை பிரிந்த வடிவத்தில் இருக்கும். லியூசின், ஐசோலியூசின், வேலின் என்ற இந்த மூன்றையும் சேர்த்துக் கிளைச்சங்கிலி அமினோ அமிலங்கள் என்பார்கள். உடற்பயிற்சிக் கூடங்களில் பிசிஏஏ என்று டப்பாவில் விற்பது இவற்றைத்தான்.

இவை மூன்றுக்கும் ஒரு தனிக்குணம் உண்டு. மற்ற அமினோ அமிலங்களில் பெரும்பாலானவை குடலிலிருந்து கல்லீரலுக்குப் போனதும் அங்கேயே கணிசமாக எரிக்கப்பட்டுவிடும். இந்த மூன்றை உடைப்பதற்கான முதல் படி நொதி கல்லீரலில் மிகக் குறைவு. ஆகவே அவை கல்லீரலைத் தாண்டி ரத்த ஓட்டத்தில் கலந்து தசைக்கும், கொழுப்புத் திசுவுக்கும், இதயத்துக்கும் போய்ச் சேர்கின்றன. அங்கே முதல் படி நடந்த பிறகு இரண்டாவது படியில் ஒரு பெரிய வாயில் இருக்கிறது. உயிரணுவின் சக்தி நிலையமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் ஒரு நொதித் தொகுப்பு அது. அந்த வாயிலைத் தாண்டிவிட்டால் திரும்பி வர வழி கிடையாது, எரிந்து சக்தியாவதுதான் பாக்கி. வாயிலை மூட ஒரு புரதமும் திறக்க ஒரு புரதமும் உண்டு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

சரி, இந்தக் கதை எங்கே தொடங்கியது? 1969-இல் பிலிப் ஃபெலிக், எரோல் மார்லிஸ், ஜார்ஜ் காஹில் என்ற மூன்று மருத்துவ ஆய்வாளர்கள் உடல் பருமன் உள்ளவர்களின் ரத்தத்தை அளந்து பார்த்தார்கள். அந்த மூன்று கிளைச்சங்கிலி அமிலங்களும், கூடவே ஃபினைல்அலனின், டைரோசின் என்ற வேறு இரண்டு அமினோ அமிலங்களும், ஒல்லியானவர்களைவிடக் கூடுதலாக இருந்தன. இன்சுலின் எவ்வளவு கூடுதலோ அதற்கு ஏற்ப இவையும் கூடியிருந்தன. அப்போதே எழுதி வைத்துவிட்டார்கள். ஆனால் எல்லாருடைய கவனமும் குளுக்கோஸிலும் கொழுப்பிலும் இருந்ததால் அடுத்த 40 ஆண்டுகள் இது பெரிதாகப் பேசப்படவில்லை.

ஒரு சொட்டு ரத்தத்தில் நூற்றுக்கணக்கான மூலக்கூறுகளை ஒரே நேரத்தில் அளக்கும் நிறமாலைக் கருவிகள் பரவலான பிறகுதான் இது மறுபடி மேலே வந்தது. 2009-இல் டியூக் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டஃபர் நியூகார்டும் குழுவினரும், பருமனானவர்களையும் ஒல்லியானவர்களையும் பிரித்துக் காட்டும் மிக வலுவான அடையாளங்களில் ஒன்று கொழுப்பில் இல்லை, இந்தக் கிளைச்சங்கிலி அமிலங்களிலும் அவற்றின் உடைபொருள்களிலும் இருக்கிறது என்று காட்டினார்கள். அதே ஆய்வில் எலிகளுக்கு ஒரு சோதனை. கொழுப்பு மிகுந்த உணவோடு இந்த மூன்று அமிலங்களையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த எலிகள் குறைவாகத்தான் சாப்பிட்டன, எடையும் சாதாரண உணவு தின்ற எலிகள் அளவுக்குத்தான் ஏறியது, ஆனாலும் கொழுப்பை மட்டும் நிறையத் தின்று கொழுத்த எலிகளுக்கு இருந்த அதே அளவு இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலின் இருந்தும் உடம்பு அதன் பேச்சைக் கேட்காத நிலை, இவற்றுக்கும் வந்தது. கொழுப்பு கூட்டாத சாதாரண உணவில் அதே அமிலங்களைச் சேர்த்தபோது அப்படி ஆகவில்லை. என்னைப் பொறுத்தவரை அந்த ஆய்வின் உயிர்நாடி இந்தக் கடைசி வரிதான். தனியாக வரும்போது தொந்தரவு செய்யாத அமினோ அமிலம், எரிக்க முடியாத அளவுக்குக் கொழுப்பு குவிந்துகிடக்கும் உடம்பில் வந்து சேரும்போது தொந்தரவாகிறது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2011-இல், ஓர் ஊர் மக்களைத் தலைமுறைகளாகக் கவனித்துவரும் அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஆய்விலிருந்து வந்த முடிவுதான் எல்லாரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. சர்க்கரை அளவு இயல்பாக இருந்த 2,422 பேரை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில் 201 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. தாமஸ் வாங், ராபர்ட் கெர்ஸ்டன் குழு, சேமித்து வைத்திருந்த பழைய ரத்த மாதிரிகளை எடுத்து, நோய் வந்தவர்களையும் அதே வயது, அதே எடை, அதே சர்க்கரை அளவில் இருந்தும் நோய் வராதவர்களையும் ஒப்பிட்டது. 1969-இல் சொன்ன அதே ஐந்து அமிலங்கள்! அவற்றில் மூன்றின் அளவு சேர்ந்து உச்சக் கால் பகுதியில் இருந்தவர்களுக்கு, அடிமட்டத்தில் இருந்தவர்களைவிட 5 மடங்குக்கும் மேல் ஆபத்து. வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒன்றுமே காட்டாத காலத்திலேயே, பல ஆண்டுகளுக்கு முன்பே, ரத்தத்தில் ஏதோ மாறிக்கொண்டிருந்திருக்கிறது.

அப்புறம்தான் தலைவலியான கேள்வி வருகிறது. இவை நோயை உண்டாக்குகின்றனவா, அல்லது நோய் ஏற்கெனவே உள்ளே நடப்பதன் நிழலா?

நிழல் என்பதற்கு நல்ல காரணங்கள் உண்டு. இன்சுலினின் வேலைகளில் ஒன்று தசைப் புரதம் உடைவதை அடக்கி வைப்பது. இன்சுலினின் பேச்சை உடம்பு கேட்காமல் போனால் அந்தக் கட்டுப்பாடும் தளரும், குழாய் கொஞ்சம் கூடுதலாகத் திறக்கும். இன்னொரு பக்கம், உடல் பருமனிலும் இன்சுலின் எதிர்ப்பிலும் கொழுப்புத் திசு இந்த அமிலங்களை எரிக்கும் நொதிகளைக் குறைத்துக்கொள்கிறது, கல்லீரலில் அந்த வாயிலை மூடும் புரதம் கூடுகிறது, ஆக வடிகாலும் சுருங்குகிறது. 2017-இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, பிறப்பிலேயே இன்சுலின் எதிர்ப்புக்கான மரபணு வேறுபாடுகளைச் சுமப்பவர்களுக்கு இந்த அமிலங்கள் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. அதாவது எதிர்ப்பு முன்னே, அமிலம் பின்னே.

ஆனால் நிழல் மட்டும்தான் என்று முடித்துவிடவும் முடியாது. அதற்கு முந்தைய ஆண்டு, 2016-இல், வேறொரு குழு வாயிலைத் திறக்கும் அந்தப் புரதத்தின் மரபணுவுக்கு அருகே உள்ள வேறுபாடுகளைப் பார்த்தது. அந்த வேறுபாட்டால் இந்த அமிலங்கள் கூடுதலாக இருப்பவர்களுக்குச் சர்க்கரை நோயும் கூடுதலாக இருந்தது. அதே ஆண்டு இன்னொரு ஆய்வில் ஒரு வழிமுறையும் கிடைத்தது. தசையில் வேலின் உடையும்போது வெளியே வரும் ஒரு துணைப்பொருள், ரத்தக்குழாய்ச் சுவரின் வழியாகக் கொழுப்பு அமிலங்களைத் தசைக்குள் கூடுதலாக நுழையவிடுகிறது. தசைக்குள் கொழுப்பு தேங்கினால் இன்சுலின் எதிர்ப்பு. எலிகளுக்கு அந்தத் துணைப்பொருளைக் கொடுத்தபோது அதேதான் நடந்தது.

நான் இதை ஒரு வட்டமாகத்தான் பார்க்கிறேன். எதிர்ப்பு வந்தால் அமிலங்கள் தேங்கும், தேங்கினால் எதிர்ப்பு இன்னும் கொஞ்சம் கூடும். வட்டத்தின் பெரிய பகுதி முதல் பாதிதான் என்று நினைக்கிறேன். இரண்டாவது பாதியும் பொய்யில்லை என்பதற்கு மனிதர்களிடமே ஒரு சிறு சோதனை இருக்கிறது. உடம்பில் அம்மோனியா தேங்கும் யூரியா சுழற்சிக் கோளாறு என்ற பிறவி நோய்க்குக் கொடுக்கும் சோடியம் ஃபினைல்பியூட்டிரேட் என்ற பழைய மருந்து, வாயிலை மூடும் புரதத்தைத் தடுக்கக்கூடியது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டில் சர்க்கரை நோயுள்ள 16 பேருக்கு அதை 2 வாரம் கொடுத்துப் பார்த்ததில் தசைகளின் இன்சுலின் உணர்திறன் முன்னேறியது. பதினாறே பேர், இரண்டே வாரம், இதை வைத்து மருத்துவம் செய்ய முடியாது. ஆனால் வடிகாலைத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதுவரை கிடைத்த நேரடியான பதில் இது.

இதயத்துக்கு வருவோம். அமெரிக்காவில் 27,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் கவனித்த ஓர் ஆய்வில், கிளைச்சங்கிலி அமிலங்கள் கூடுதலாக இருந்தவர்களுக்கு இதய நோயும் கூடுதலாக வந்தது. அந்தத் தொடர்பு, இடையில் சர்க்கரை நோய் வந்து அதன் பிறகு இதய நோய் வந்த பெண்களிடம் இன்னும் வலுவாக இருந்தது. இதைப் பார்க்கும்போது, அமினோ அமிலம் நேராகப் போய் இதயக் குழாயை அடைக்கிறது என்று எண்ணுவதைவிட, வளர்சிதை மாற்றக் கோளாறு என்ற ஒரே வேரிலிருந்து இரண்டும் கிளைக்கின்றன என்று எண்ணுவதுதான் பொருந்துகிறது.

2020-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். இதயத்துக்குள் போகும் ரத்தத்தையும் இதயத் தசையிலிருந்து வெளியே வரும் ரத்தத்தையும் தனித்தனியாக எடுத்து, 110 நோயாளிகளிடம், 277 பொருள்களை அளந்தார்கள். எது உள்ளே போய்க் குறைகிறதோ அதை இதயம் சாப்பிடுகிறது, எது கூடி வெளியே வருகிறதோ அதை இதயம் தள்ளிவிடுகிறது. கணக்கு அவ்வளவு நேரடியானது. இதயத்தின் முக்கிய எரிபொருள் கொழுப்பு அமிலங்கள். குளுக்கோஸைக் கிட்டத்தட்டத் தொடவே இல்லை. அமினோ அமிலங்களைப் பொறுத்தவரை, இதயம் பலவற்றை வாங்குவதைவிட வெளியே விட்டது, அதுவும் செயலிழக்கும் இதயத்தில் இன்னும் அதிகமாக. பலவீனமான இதயம் தன் சொந்தப் புரதத்தையே கூடுதலாக உடைக்கிறது என்பதன் அடையாளம் அது. ரத்தத்தில் ஓர் அமினோ அமிலம் கூடியிருந்தால் அது இதயத்தைத் தாக்க வந்ததாகவே இருக்க வேண்டியதில்லை, இதயத்திலிருந்து கசிந்ததாகவும் இருக்கலாம்.

அடையாளத்தையும் காரணத்தையும் குழப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை மருத்துவ உலகம் ஏற்கெனவே ஒரு முறை பார்த்துவிட்டது. உடம்புக்குள்ளேயே உருவாகும் ஓர் அமினோ அமிலமான ஹோமோசிஸ்டீனின் கதை அது. இதுவும் 1969-இல்தான் தொடங்குகிறது. கில்மர் மெக்கல்லி என்ற நோய்க்கூறியல் மருத்துவர், வெவ்வேறு நொதிக் குறைபாடுகளால் இறந்த இரண்டு குழந்தைகளின் திசுக்களைப் பார்த்தார். குறைபாடு வேறு வேறு, ஆனால் இருவருக்கும் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் மிக அதிகம், இருவரின் தமனிகளும் வயதானவர்களின் தமனிகள் போலச் சேதமாகியிருந்தன. அப்படியானால் பொதுவாக இருக்கும் ஹோமோசிஸ்டீன்தான் குற்றவாளி என்று அவர் யோசித்தார். அருமையான யோசனை. அந்த அரிய பரம்பரை நோயில் அது உண்மையும்கூட.

பிறகு வந்த ஆய்வுகளில், சாதாரண மனிதர்களிடமும் ஹோமோசிஸ்டீன் சற்றுக் கூடுதலாக இருந்தால் மாரடைப்பு அதிகம் என்று தெரிந்தது. இதைக் குறைக்க ஃபோலிக் அமிலமும் பி6, பி12 வைட்டமின்களும் போதும், விலையும் குறைவு. எவ்வளவு பெரிய நம்பிக்கை! 2006-இல் இரண்டு பெரிய சோதனைகளின் முடிவு வந்தது. நார்வேயில் மாரடைப்பு வந்த 3,749 பேரிடம் நடந்ததில் ஹோமோசிஸ்டீன் 27 சதவீதம் இறங்கியது, மறுபடி மாரடைப்பு வருவது குறையவில்லை. 5,522 பேரை ஐந்து ஆண்டுகள் கவனித்த மற்றொன்றிலும் இதய மரணமும் மாரடைப்பும் குறையவில்லை, பக்கவாதம் மட்டும் கொஞ்சம் குறைந்தது. அந்தப் பக்கவாத நூலைப் பிடித்துக்கொண்டு சீனாவில் உயர் ரத்த அழுத்தம் உள்ள 20,702 பேரிடம் நடந்த சோதனை 2015-இல் வெளியானது. ரத்த அழுத்த மாத்திரையோடு ஃபோலிக் அமிலமும் எடுத்தவர்களிடம் முதல் பக்கவாதம் 2.7 சதவீதம், மாத்திரை மட்டும் எடுத்தவர்களிடம் 3.4 சதவீதம். மாவில் ஃபோலிக் அமிலம் சேர்க்காத மக்கள் அவர்கள், இயல்பிலேயே பலருக்கு ஃபோலேட் (உணவில் உள்ள ஃபோலிக் அமில வகை வைட்டமின்) குறைவு. குறைவு இருந்த இடத்தில் பலன் கிடைத்தது. இல்லாத இடத்தில் எண் மட்டும்தான் இறங்கியது.

ஆர்ஜினின் என்ற இன்னோர் அமினோ அமிலத்தின் கதை இன்னும் கடுமையானது. ரத்தக்குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடை உடம்பு ஆர்ஜினினிலிருந்துதான் தயாரிக்கிறது. நைட்ரிக் ஆக்சைடின் வேலையைக் கண்டறிந்ததற்கு 1998-இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். ஆகவே மாரடைப்பு வந்தவர்களுக்கு ஆர்ஜினின் கொடுத்தால் குழாய்கள் இளகும் என்று எண்ணுவது இயல்பு. 153 பேரிடம் சோதித்தார்கள். ஆர்ஜினின் எடுத்தவர்களில் 6 பேர் இறந்தார்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. சோதனையை நிறுத்திவிட்டார்கள். அந்த முடிவும் 2006-இல்தான் வந்தது. இன்றைக்கும் ஆர்ஜினின் தூளை இதயத்துக்கு நல்லது என்று விற்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. மாரடைப்பு வந்த ஒருவர் மருத்துவரிடம் கேட்காமல் அதை வாங்கிவிடக் கூடாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிளைசின் என்ற அமினோ அமிலம் குறைவாக இருப்பவர்களுக்குத்தான் சர்க்கரை நோயும் மாரடைப்பும் அதிகம். ஆனால் இங்கேயும் இன்சுலின் எதிர்ப்புதான் கிளைசினைக் குறைக்கிறது என்பதற்கு மரபணு ஆதாரம் இருக்கிறது, எனவே கிளைசின் பொடிக்கு ஓட வேண்டியதில்லை. ஃபினைல்அலனினில் ஒரு பகுதி குடலின் கீழ்ப்பகுதிவரை போனால் அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை வேறொன்றாக மாற்றுகின்றன, கல்லீரல் அதோடு குளூட்டமினைச் சேர்க்கிறது, அப்படி உருவாகும் பொருள் அட்ரினலின் பயன்படுத்தும் அதே ஏற்பிகள் வழியாக, ரத்தத்தை உறையவைக்கும் ரத்தத் தட்டுகளைத் தூண்டுகிறது என்று 2020-இல் கிளீவ்லாந்து மருத்துவமனை ஆய்வாளர்கள் காட்டினார்கள். எலிகளில் அந்த ஏற்பிகளை மறிக்கும் பீட்டா தடுப்பு மருந்து கொடுத்தபோது அந்தத் தூண்டல் அடங்கியது.

அப்படியானால் புரதத்தைக் குறைக்க வேண்டுமா? எலிகளில் குறைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஐசோலியூசினை மட்டும் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்த உணவைத் தின்ற ஆண் எலிகள் 33 சதவீதமும் பெண் எலிகள் 7 சதவீதமும் கூடுதலாக வாழ்ந்தன. இதைப் படித்துவிட்டு 65 வயதுக்காரர் ஒருவர் தன் புரதத்தைக் குறைத்தால் எனக்குக் கவலையாக இருக்கும். அந்த வயதில் தசை தானாகவே கரைகிறது, தசைக் கட்டுமானத்தைத் தூண்டிவிடுவதே லியூசின்தான், அந்தத் தசைதான் குளுக்கோஸையும் இந்த அமிலங்களையும் எரிக்கும் முக்கியமான அடுப்பு. அடுப்பையே சிறிதாக்கினால் தேக்கம் எப்படிக் குறையும்? அளவு குறைவாக இருந்தால் நல்லது என்பதும் பொது விதி கிடையாது. கல்லீரல் சுருங்கிப்போன நோயாளிகளிடம் இந்த மூன்று அமிலங்களும் இறங்கிவிடும், அவர்களில் சிலருக்கு மருத்துவர்களே இவற்றைக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள்.

எடை குறையும்போது இந்த அமிலங்களின் அளவும் பொதுவாக இறங்குகிறது. எடை குறைக்க இரைப்பை பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்களிடம், அதே அளவு எடையை உணவுக் கட்டுப்பாட்டால் குறைத்தவர்களைவிட அதிகமாக இறங்கியது. தசையை வேலை வாங்கினால் வாயில் திறக்கிறது. உடற்பயிற்சி செய்யும்போது தசையில் அந்த நொதித் தொகுப்பின் செயல்பாடு கூடுவது பல காலமாகத் தெரிந்த விஷயம். ஆகவே உட்கார்ந்தே இருந்துகொண்டு பிசிஏஏ பொடியைக் குடிப்பதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. போதிய புரதம் சாப்பிடுகிறவருக்கு முட்டை, பால், இறைச்சி, பயறு எல்லாவற்றிலும் இந்த மூன்றும் தாராளமாக ஏற்கெனவே இருக்கின்றன.

பரிசோதனை பற்றியும் சொல்ல வேண்டும். ரத்தத்தின் அமினோ அமிலங்களை முழுமையாக அளக்கும் பரிசோதனை, முக்கியமாகப் பிறவிக் கோளாறு இருக்குமோ என்று சந்தேகப்படும் குழந்தைகளுக்காக இருப்பது. சர்க்கரை நோய் வருமா என்று பார்க்கப் பெரியவர்கள் யாரும் அதற்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி, டிரைகிளிசரைடு, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், இவை சொல்வதைக் கேட்டு நடந்தாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.

ஹோமோசிஸ்டீன் மட்டும் கொஞ்சம் வேறு. முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளில் அது சேர்ந்தே வருகிறது, லிட்டருக்கு 15 மைக்ரோமோலைத் தாண்டியதும் சிவப்பில் அச்சாகிறது, வாங்கியவர் இதயம் போய்விட்டது என்று பயந்துவிடுகிறார். அப்படி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது பி12, ஃபோலேட், சிறுநீரகம், தைராய்டு. குறிப்பாக, சர்க்கரைக்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு அந்த மருந்தாலேயே பி12 குறையலாம், குறைந்தால் ஹோமோசிஸ்டீன் ஏறும். கால் மரத்துப்போவது, ஊசி குத்துவது போன்ற உணர்வு எல்லாம் சர்க்கரையால்தான் வந்தது என்று அவர்கள் பல காலம் விட்டுவிடுவார்கள். பி12 குறைவால் வந்ததாக இருந்தால் அதைச் சீக்கிரம் சரிசெய்யலாம், தள்ளிப்போட்டால் நரம்பின் சேதம் நிரந்தரமாகிவிடக்கூடும். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்த வேண்டாம். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது பி12 பார்க்கலாமா என்று கேளுங்கள்.